ஸ்டோன் ரோசஸ்: ஒரு முதல் ஆல்பமும் அதற்குப் பின்னான ஐந்தரை ஆண்டுகளும்

1989 மே மாதத் தொடக்கத்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் முதல் ஆல்பம் பிரிட்டனில் வெளியானது. அதற்குத் தனிப்பெயர் வைக்கவில்லை. இசைக்குழுவின் பெயரே ஆல்பத்தின் பெயர்: 'தி ஸ்டோன் ரோசஸ்'. அடுத்த ஆல்பமான 'செகண்ட் கமிங்' கடைக்கு வந்தது 1994 டிசம்பர் 5ஆம் தேதி. இந்த ஐந்தரை ஆண்டுகளில் பிரிட்டிஷ் கிட்டார் இசை எங்கெங்கோ போய்விட்டது. ஸ்டோன் ரோசஸைப் பார்த்துப் பாட வந்த இன்னொரு மான்செஸ்டர் குழுவான ஓயாசிஸ், 1994 ஆகஸ்டிலேயே தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டது. வழிகாட்டிகள் திரும்பி வந்தபோது அவர்கள் போட்ட பாதையில் வேறொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

இந்த இடைவெளிக்கு இரண்டு விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. ரசிகர்களைக் கேட்டால் ஒப்பந்தத்தைச் சொல்வார்கள்: மோசமான ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, நீதிமன்றத்தில் சிக்கி, நேரம் போய்விட்டது என்பார்கள். விமர்சகர்களைக் கேட்டால் குழுவையே சொல்வார்கள்: பெரிய பணம் வந்தது, மெத்தனமும் கூடவே வந்தது என்பார்கள். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் நடந்தவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் இன்னொரு காரணம் மேலே வருகிறது. அந்த முதல் ஆல்பம் பிறந்த விதமே திரும்பச் செய்யக்கூடியதாக இல்லை. யாரும் கண்டுகொள்ளாத ஐந்தாறு ஆண்டுகள், மெதுவாகப் பழுத்த பாடல்கள், ஒன்றாகவே வாசித்துக்கொண்டிருந்த மனிதர்கள் ஆகியவற்றிலிருந்துதான் அது வந்தது. வழக்கு அந்தச் சூழலைக் கலைத்தது. பிறகு வந்த பணத்தால் அதை மீட்க முடியவில்லை. இதைக் காட்ட, பாடல்களையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

யாரும் கவனிக்காத ஆண்டுகள்

பாடகர் இயன் பிரவுனும் கிட்டார் கலைஞர் ஜான் ஸ்குவையரும் மான்செஸ்டருக்குத் தென்மேற்கே உள்ள ஆல்ட்ரிங்கம் கிராமர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். 'தி பட்ரோல்' என்ற பங்க் குழுவில் தொடங்கி, 1983இல் ஸ்டோன் ரோசஸுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு டிரம்ஸ் வாசிக்க ஆலன் ரென் சேர்ந்தார். இசை உலகம் அவரை ரெனி என்றே அறியும். 1985இல் முதல் சிங்கிள், அதாவது தனிப்பாடல் இசைத்தட்டு, வந்தது. தயாரித்தவர் மார்ட்டின் ஹானெட், மான்செஸ்டர் குழுவான ஜாய் டிவிஷனின் ஆல்பங்களைத் தயாரித்த அதே ஹானெட். அவரோடு ஒரு முழு ஆல்பத்துக்கான பாடல்களையே பதிவு செய்தார்கள். முடித்துக் கேட்டபோது திருப்தி இல்லை. கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பதிவுகள் 1996இல் 'கராஜ் ஃபிளவர்' என்ற பெயரில் வெளிவந்தன. குழுவின் ரசிகராக இல்லாவிட்டாலும் அதை ஒருமுறை கேட்கும்படி பரிந்துரைப்பேன், ஏனென்றால் இந்த ஆய்வுக்கான முதல் சான்று அதில்தான் இருக்கிறது. 'ஐ வானா பி அடோர்ட்', 'திஸ் இஸ் த ஒன்' இரண்டும் அங்கே இருக்கின்றன. மெட்டு அதேதான், வரிகளும் கிட்டத்தட்ட அவைதான். ஆனால் எல்லாமே அவசரத்தில் ஓடுகிறது. பிரவுன் கத்துகிறார், கிட்டார்கள் ஒன்றை ஒன்று மறைக்கின்றன, எந்த வாத்தியத்துக்கும் மூச்சுவிட இடமில்லை. அதே பாடல்களை 1989 ஆல்பத்தில் கேட்டால் வேறு ஆட்கள் வாசிப்பதுபோல் இருக்கும். இடையில் நடந்தது சுமார் நான்கு வருட வேலை.

அந்த நான்கு வருடமும் வெளியிலிருந்து பார்த்தால் வெற்று வருடங்கள். 1985இல் மான்செஸ்டரின் சுவர்களில் தங்கள் பெயரை ஸ்பிரே பெயின்டால் எழுதியதற்காக நகரத்தில் கெட்ட பெயர் வாங்கினார்கள். உள்ளூர் இசைப்பதிவு நிறுவனமான ஃபேக்டரியின் வட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஸ்குவையர் வயிற்றுப்பாட்டுக்குச் சோர்ல்டனில் இருந்த காஸ்குரோவ் ஹால் அனிமேஷன் ஸ்டூடியோவில் பொம்மைப் படங்களுக்கான மாதிரி உருவங்கள் செய்தார். இரண்டாவது கிட்டார் கலைஞர் 1986இல் விலகினார், பேஸ் கிட்டார் கலைஞர் 1987இல் விலகினார். அந்த ஆண்டு வெளியான 'சாலி சினமன்' சிங்கிளில்தான் முதல்முறையாக மெலிந்த, பளபளக்கும் அந்தக் கிட்டார் ஒலி தலைகாட்டுகிறது. அறுபதுகளின் 'பேர்ட்ஸ்' குழுவின் பன்னிரண்டு தந்திக் கிட்டாரை நினைவூட்டும் ஒலி.

1987 நவம்பரில் பேஸ் வாசிக்க கேரி மவுன்ஃபீல்ட் வந்தார், அதாவது மானி. என் கணிப்பில் குழுவின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை. ரெனி ஏற்கெனவே தாளத்தைத் தளர்த்தி, சுழற்றி வாசிக்கிறவர். அதன்மேல் மானியின் வட்டமான பேஸ் வரிகள் வந்து உட்கார்ந்ததும் பாடல்கள் முன்னால் ஓடுவதை நிறுத்திவிட்டு அசையத் தொடங்கின. மேலே அறுபதுகளின் கிட்டார் பாப், கீழே உடம்பை ஆட்டிவைக்கும் தாளம். இந்த இரண்டு அடுக்கும் ஒட்டிய இடத்தில்தான் ஸ்டோன் ரோசஸ் என்ற ஒலி பிறந்தது.

1988: கையெழுத்து

குழுவின் மேலாளர் கேரத் எவன்ஸ் மான்செஸ்டரில் 'இன்டர்நேஷனல்' என்ற பெயரில் இசை அரங்குகள் நடத்தியவர். ஆள் சேர்ப்பதிலும் பேச்சிலும் வல்லவர். தன் அரங்குகளிலேயே குழுவை மேடையேற்றி, கூட்டம் திரட்டி, உள்ளூரில் ஒரு பெயரை உண்டாக்கிக் கொடுத்தார். இந்தப் பங்கை மறுப்பது நியாயமாகாது. 1988இல் லண்டனின் ரஃப் டிரேட் நிறுவனம் ஆர்வம் காட்டியது. நியூ ஆர்டர் குழுவின் பீட்டர் ஹுக் தயாரித்த 'எலிஃபன்ட் ஸ்டோன்' சிங்கிளின் பதிவுக்குச் செலவு செய்ததும் அந்த நிறுவனம்தான். ஆனால் ஒப்பந்தத்தோடு முந்திக்கொண்டது ஸோம்பா குழுமம். கிட்டார் இசைக்காக அது தொடங்கியிருந்த புதிய பிரிவின் பெயர் சில்வர்டோன்.

ஒப்பந்தத்தின் நீளம் எட்டு ஆல்பங்கள் வரை. ஆனால் எட்டும் உறுதியல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் தொடரலாமா நிறுத்தலாமா என்ற முடிவு நிறுவனத்தின் கையில். குழுவுக்கு அந்தத் தெரிவு கிடையாது. பதிவு செய்து கொடுக்கும் எந்தப் பாடலையும் வெளியிட்டே தீர வேண்டும் என்ற கடமையும் நிறுவனத்துக்கு இல்லை. ஒப்பந்தக் காலம் நாட்காட்டியின்படி ஓடவில்லை, நிறுவனத்தின் தெரிவுகளோடும் வெளியீடுகளோடும் பிணைந்திருந்தது. ஆகவே அது எந்த ஆண்டில் முடியும் என்று சொல்ல வழியே இல்லை. போதாததற்கு, பாடலாசிரியர் உரிமையை ஸோம்பாவின் பதிப்பக நிறுவனத்துக்குக் கொடுக்கும் இன்னொரு ஒப்பந்தமும் இதோடு சேர்ந்தே வந்தது. குழுவின் சார்பில் ஆவணத்தைப் பார்த்த வழக்கறிஞருக்கு இசைத் துறை அனுபவம் இல்லை.

நான்கு பேரும் ஏன் கையெழுத்திட்டார்கள் என்று கேட்பது எளிது. ஐந்து ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு குழுவின் முன்னால் ஒரு லண்டன் நிறுவனம் ஸ்டூடியோவையும் நல்ல தயாரிப்பாளரையும் வைத்தால், 14ஆம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது கண்ணில் படுவதில்லை. புதிய கலைஞர்களின் ஒப்பந்தங்கள் எல்லாமே இந்தத் தவிப்பின்மேல்தான் எழுதப்படுகின்றன.

ஜான் லெக்கியின் காதுகள்

தயாரிப்பாளர் ஜான் லெக்கி. லண்டனின் ஏபி ரோடு ஸ்டூடியோவில் தொழில் பழகியவர். ஜார்ஜ் ஹாரிசனின் தனி ஆல்பத்திலும் பிங்க் ஃபிளாய்டின் பதிவுகளிலும் வேலை செய்தவர். 1985இல் எக்ஸ்டிசி குழு, 'டியூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டஸ்ஃபியர்' என்ற புனைபெயரில் 1967ஆம் ஆண்டின் சைக்கடெலிக் பாப்பை, அதாவது மயக்க உணர்வைத் தூண்டும் பாப் இசையை, அச்சு அசலாக மறுஉருவாக்கம் செய்தபோது அதைத் தயாரித்தவரும் இவரே. ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓட்டுவது, குரலை அடுக்குவது, கிட்டாரைக் கரையவிடுவது ஆகியவற்றின் பழைய கைத்தொழில் ரகசியங்கள் அவர் விரல்நுனியில் இருந்தன. எண்பதுகளின் இறுதியில் இந்தக் குழுவுக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

பதிவு 1988இலும் 1989இன் தொடக்கத்திலும் நடந்தது. பெரும்பகுதி லண்டனில் பேட்டரி, காங்க் ஸ்டூடியோக்களில். கொஞ்சம் வேல்ஸ் நாட்டின் ராக்ஃபீல்டில். பேட்டரி ஸ்டூடியோ ஸோம்பாவுக்கே சொந்தமானது. பதிவு நிறுவனம், பாடல் பதிப்பகம், ஸ்டூடியோ மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பதைப் பிறகு வரப்போகும் வழக்குக்காக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆல்பம் தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். முதல் நாற்பது நொடிக்குப் பாடலே இல்லை. தூரத்து இரைச்சல், உலோக முனகல், அதற்குள்ளிருந்து மெல்ல எழும் பேஸ். பிறகு கிட்டார் ஒரு சிறு இறங்குவரியை வாசிக்கிறது. டிரம்ஸ் உடனே வருவதில்லை, காத்திருக்கிறது. 'ஐ வானா பி அடோர்ட்' பாடலின் மொத்த வரிகளையும் ஒரு தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம். ஒரு புதிய குழு தன் முதல் ஆல்பத்தின் முதல் பாடலில் இவ்வளவு பொறுமையாக இருப்பது அரிது. ஹானெட் பதிவில் ஆர்வக்கோளாறாக ஒலித்த அதே பாடல் இங்கே நிதானத்தின் பாடமாக மாறியிருக்கிறது. தன்மேல் நம்பிக்கை இருப்பவன் அவசரப்பட மாட்டான் என்பதை இசையாகவே கேட்க முடிகிறது.

'ஷி பேங்ஸ் த டிரம்ஸ்' நேரடியான பாப். அதன் அழகு பாதி ரெனியின் பின்குரலில் இருக்கிறது. பிரவுனின் குரல் குறுகிய எல்லைக்குள் இயங்குவது. உரத்துப் பாடினால் சுருதி நழுவும் என்பதை மேடையில் பலமுறை கேட்டவர்கள் அறிவார்கள். லெக்கி அவரைக் கிசுகிசுப்புக்கும் பாட்டுக்கும் நடுவே நிறுத்திவைத்து, மேலே ரெனியின் இனிய குரலைப் பூசினார். குறையை மறைக்கவில்லை, அதையே குழுவின் தொனியாக்கிவிட்டார்கள். அலட்டிக்கொள்ளாத, கொஞ்சம் திமிரான, காதோடு பேசும் தொனி அது.

'வாட்டர்ஃபால்' பாடலும் அதையடுத்து வரும் 'டோன்ட் ஸ்டாப்' பாடலும் ஆல்பத்தின் இதயம் என்பேன். முதலாவதில் ஸ்குவையர் தந்திகளைப் பிரித்துப் பிரித்து மீட்டும் ஒரே சுழலை விடாமல் ஓட்டுகிறார். பாடல் முடியும் இடத்தில் தாளம் இறுகி, கிட்டார் மின்சாரமாகிறது. அது ஓய்ந்ததும் 'டோன்ட் ஸ்டாப்' வருகிறது. 'வாட்டர்ஃபால்' ஒலிநாடாவைத் தலைகீழாக ஓட்டி, அதன்மேல் புதிதாக டிரம்ஸும் குரலும் சேர்த்தது. தலைகீழாக ஒலித்த குரல் என்ன சொல்வதுபோல் காதில் விழுந்ததோ, அதிலிருந்தே புதிய வரிகளை எடுத்தார்கள். அறுபதுகளில் இதுபோன்ற உத்திகள் ஓர் அலங்காரமாகப் பயன்பட்டன. இங்கே அதிலிருந்து ஒரு முழுப் பாடலே முளைத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, இப்போதுதான் போன இடத்துக்கே வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்த மயக்கம் உண்டாகும். 'சைக்கடெலிக்' என்ற அடைமொழிக்கு இந்தக் குழு உரிமை கோருவது ஆடையாலோ வண்ண விளக்காலோ அல்ல, இந்த ஏறத்தாழ பத்து நிமிடங்களால்.

'எலிசபெத் மை டியர்' ஒரு நிமிடம்கூட இல்லை. 'ஸ்கார்பரோ ஃபேர்' என்ற பழைய நாட்டுப்புற மெட்டில், அரசியின் முடிவு வரை ஓயமாட்டேன் என்று மென்மையாகப் பாடுகிறார் பிரவுன். தாலாட்டின் இனிமைக்குள் முடியாட்சி எதிர்ப்பு. இதே அரசியல் உறையிலும் உண்டு. உறையின் ஓவியம் ஸ்குவையர் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக்கின் பாணியில் வண்ணம் சொட்டி வரைந்தது. ஓரத்தில் பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்கள், மேலே எலுமிச்சைத் துண்டுகள். 1968 மே மாதப் பாரிஸ் கலவரத்தில் கண்ணீர்ப்புகையைத் தாங்க மாணவர்கள் எலுமிச்சையைப் பயன்படுத்தியதைக் குறிக்கும் சின்னம் அது. அந்தத் தகவலைப் பிரவுன் ஐரோப்பியப் பயணமொன்றில், கலவரத்தில் கலந்துகொண்ட ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கேட்டறிந்தார். 'பை பை பேட்மேன்' பாடலும் அந்தத் தெருக்களைப் பற்றியதுதான்.

கடைசிப் பாடல் 'ஐ ஆம் த ரிசரெக்ஷன்' எட்டு நிமிடத்தைத் தாண்டுகிறது. பீட்டில்ஸின் 'டாக்ஸ்மேன்' பேஸ் வரியை மானி விளையாட்டாகப் பின்னோக்கி வாசித்ததில் முளைத்தது இது. முதல் பாதி அமெரிக்க சோல் இசை நிறுவனமான மோடவுனின் பாணித் தாளத்தில் ஒரு பகைப்பாட்டு. பாதியில் பாட்டு முடிந்துவிடுகிறது. பிறகு மீதி நேரம் முழுக்க வாத்தியங்கள் மட்டும். ரெனியும் மானியும் தாளத்தை வளைக்க, ஸ்குவையர் அதன்மேல் ஏறி இறங்குகிறார். வார்த்தை தேவைப்படாத அளவுக்கு மூவரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்திருக்கிறார்கள். ஸ்டூடியோவுக்கு வந்தபின் கற்றுக்கொள்ளக்கூடிய திறமை அல்ல இது. என் வாதத்துக்கு இரண்டாவது சான்று இந்தப் பகுதி.

'ஷூட் யூ டவுன்', 'சுகர் ஸ்பன் சிஸ்டர்' இரண்டும் நல்ல பாடல்கள், ஆனால் அவை இல்லாவிட்டாலும் ஆல்பம் நிற்கும்.

மெல்ல ஏறிய ஏணி

வெளியானதும் பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. 1989 மார்ச்சில் வந்த 'மேட் ஆஃப் ஸ்டோன்' சிங்கிள் பிரிட்டிஷ் விற்பனைத் தரவரிசையில் 90ஆம் இடத்தைத்தான் எட்டியது. ஜூலையில் 'ஷி பேங்ஸ் த டிரம்ஸ்' 36ஆம் இடம். ஆனால் மான்செஸ்டரில் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை பரவிய காலம் அது. ஹசியெண்டா நடன அரங்குக்குப் போகும் இளைஞனும் வீட்டில் கிட்டார் இசை கேட்கும் இளைஞனும் அதுவரை வேறு வேறு ஆட்கள். அகலக் கால்சட்டையும் தொளதொளச் சட்டையுமாக இருவரும் ஒருவரானபோது, அவருக்கான ஆல்பம் ஏற்கெனவே கடையில் தயாராக இருந்தது. வாய்வழியாகப் பரவியது. ஆகஸ்ட் 12 அன்று கடற்கரை நகரமான பிளாக்பூலின் எம்பிரஸ் பால்ரூம் நிரம்பி வழிந்தது.

நவம்பரில் வெளிவந்த 'ஃபூல்ஸ் கோல்ட்' 8ஆம் இடம் பிடித்தது. ஏறத்தாழ பத்து நிமிட நீளம், ஃபங்க் தாளம், முணுமுணுக்கும் குரல். அந்த மாதம் 21ஆம் தேதி பிபிசியின் 'லேட் ஷோ' நேரலையில் வாசிக்கத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் சத்தம் எல்லை மீறியதால் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட்டது. தொகுப்பாளர் சமாளித்துப் பேசிக்கொண்டிருக்க, பின்னால் பிரவுன் 'கத்துக்குட்டிகள்' என்று கத்திக்கொண்டிருந்தார். இரண்டே நாளில் பிபிசியின் பாப் இசை நிகழ்ச்சியான 'டாப் ஆஃப் த பாப்ஸ்' மேடையில், சக மான்செஸ்டர் குழுவான ஹேப்பி மண்டேஸும் அவர்களும் ஒரே நாளில் தோன்றினார்கள். 1990இன் தொடக்கத்தில் ஆல்பம் 19ஆம் இடத்துக்கு ஏறியது.

எண்களைப் பார்த்தால் இது ஒரு சுமாரான வெற்றி என்றே படும். ஆனால் நாடு முழுக்கக் கிட்டார் வைத்திருந்த பதினெட்டு வயதுப் பையன்கள் அந்த வருடம் தங்கள் டிரம்ஸ் கலைஞரிடம் வேறு மாதிரி வாசிக்கச் சொன்னார்கள். ஓயாசிஸின் பாடகர் லியம் கேலகர் இந்தக் குழுவை மேடையில் பார்த்த பிறகே பாட முடிவு செய்ததாகப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

விரிசல்கள்

புகழ் வந்ததும் பழைய கணக்குகள் வெளியே வந்தன. 'சாலி சினமன்' சிங்கிளை 1987இல் வெளியிட்ட சிறு நிறுவனம் அதை மறுவெளியீடு செய்து, குழுவைக் கேட்காமலே ஒரு வீடியோவும் எடுத்துவிட்டது. 1990 ஜனவரி இறுதியில் நால்வரும் உல்வர்ஹாம்டனில் உள்ள அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பெயின்டை வாரி இறைத்தார்கள். கைது, வழக்கு, ஆளுக்கு 3,000 பவுண்டு அபராதம். சிறுபிள்ளைத்தனம்தான். ஆனாலும் தங்கள் பாடல் தங்களிடம் இல்லை என்பதை அவர்கள் உணர்ந்த முதல் தருணமாக அதைப் பார்க்கிறேன்.

மே 27 அன்று விட்னஸ் நகருக்கு அருகே, ஒருகாலத்தில் ரசாயன ஆலைகள் இருந்த ஸ்பைக் ஐலண்டில் சுமார் 27,000 பேர் கூடினார்கள். காற்று ஒலியைத் தூக்கிக்கொண்டு போனது, ஏற்பாடுகள் மோசம். இருந்தும் அங்கே போனவர்கள் அதைத் தங்கள் தலைமுறையின் திருவிழாவாகவே நினைக்கிறார்கள். ஜூலையில் 'ஒன் லவ்' சிங்கிள் 4ஆம் இடம் வரை போனது. அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு அவர்களிடமிருந்து புதிய பாடல் எதுவும் வரவில்லை.

நீதிமன்றம்

குழு வேறு நிறுவனத்துக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும் சில்வர்டோன் 1990 செப்டம்பரில் தடையாணை வாங்கியது. வேறு யாருக்காகவும் பதிவு செய்யக்கூடாது. 1991 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது.

ஆங்கிலச் சட்டத்தில் ஒரு பழைய கொள்கை இருக்கிறது. ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்த விதி, நியாயமான அளவைத் தாண்டினால் அதை நீதிமன்றம் செயல்படுத்தாது. இசைத் துறைக்கு இதை, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1974இல் பொருத்திக் காட்டியது. டோனி மெக்காலே என்ற பாடலாசிரியர் 21 வயதில், 50 பவுண்டு முன்பணத்துக்கு, தன் எல்லாப் பாடல்களையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ராயல்டி 5,000 பவுண்டைத் தாண்டினால் அது தானாகவே பத்து ஆண்டாக நீளும். பதிப்பகமோ ஒரு பாடலைக்கூட வெளியிடக் கடமைப்பட்டதில்லை. இப்படி ஒருவரைக் கட்டிவைத்துவிட்டு இன்னொருவர் சும்மா இருக்க அனுமதிக்கும் ஏற்பாடு செல்லாது என்பதே தீர்ப்பு.

ஸ்டோன் ரோசஸ் வழக்கில் நீதிபதி ஹம்ப்ரீஸ் இந்த அளவுகோலையே எடுத்தார். 1991 மே 20 அன்று தீர்ப்பு வந்தது. முடிவே தெரியாத காலம், வெளியிடும் கடமை இல்லாத நிறுவனம், அனுபவமில்லாத ஆலோசனை, இரு தரப்பின் பேரம் பேசும் வலிமையில் இருந்த பெரும் வேறுபாடு ஆகியவற்றைக் கருதி, ஒப்பந்தம் நியாயப்படுத்த முடியாத தொழில் தடை என்றார். பாடல் உரிமைப் பதிப்பக ஒப்பந்தமும் அதே பேரத்தின் பகுதி என்பதால் அதற்கும் அதே கதி. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு கைகளும் ஒரே உடம்பில் இருக்கும்போது தனித்தனி ஒப்பந்தம் என்ற பேச்சு எடுபடாது என்று நீதிமன்றம் கண்டுகொண்டது.

குழு அமெரிக்க இசைப்பதிவு நிறுவனமான ஜெஃபனோடு கையெழுத்திட்டது. முன்பணம் 23 லட்சம் பவுண்டு என்று செய்திகள் சொல்லின. சில்வர்டோன் மேல்முறையீடு செய்ததால் நிச்சயமின்மை மேலும் ஓராண்டு நீண்டது.

இந்தத் தீர்ப்பு எல்லாக் கலைஞருக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியில்லை. 1994இல் ஜார்ஜ் மைக்கேல் இதே வாதத்தோடு சோனியை எதிர்த்து வழக்காடித் தோற்றார். அவர் தேர்ந்த வழக்கறிஞர்களை வைத்துக்கொண்டு, உலகப் புகழோடு, நல்ல விலைக்கு ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியவர். ஸ்டோன் ரோசஸைக் காப்பாற்றியது அவர்களுடைய பலவீனம். அதன்பிறகு நிறுவனங்கள் செய்த முதல் வேலை, புதிய கலைஞர் தனியாக அனுபவமுள்ள வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற்றார் என்று ஆவணத்திலேயே எழுதி வாங்குவது.

தீர்ப்பின் இன்னொரு எல்லையும் உண்டு. அது குழுவின் எதிர்காலத்தை விடுவித்தது. ஏற்கெனவே பதிவானவை சில்வர்டோனிடமே இருந்தன. 1991 செப்டம்பரில் 'ஐ வானா பி அடோர்ட்' சிங்கிளாக வந்தது, அடுத்து 'வாட்டர்ஃபால்', 1992இல் 'டர்ன்ஸ் இன்டு ஸ்டோன்' என்ற தொகுப்பு. புதிய பாடலே இல்லாத குழுவின் பெயர் கடைகளில் தொடர்ந்து புதிதாகவே இருந்தது. உல்வர்ஹாம்டனில் பெயின்ட் வீசியதற்குக் காரணமான அதே விஷயம், இப்போது பெரிய அளவில்.

1991 முதல் 1994 வரை

இனி காலக்கணக்கைப் பார்க்கலாம். தடையாணை வந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக் கவலை தீரும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அதைச் சட்டத்தின் கணக்கில் எழுதலாம். மீதி இரண்டரை ஆண்டுகளை அப்படி எழுத முடியாது. 1992இல் எவன்ஸோடு முறித்துக்கொண்டார்கள். குடும்பங்கள் உருவாயின. நால்வரும் வேறு வேறு இடங்களில் வாழ்ந்தார்கள். லெக்கி பதிவைத் தொடங்கி, பாடல்கள் தயாராகவில்லை என்ற நிலையில் நடுவில் விலகினார். ராக்ஃபீல்டில் வேலை மாதக்கணக்கில் இழுத்தது. யாரும் கெடு வைக்கவில்லை. கெடு வைக்காத அளவுக்குப் பணம் இருந்தது.

முதல் ஆல்பத்தில் பாடலாசிரியராகப் பிரவுன், ஸ்குவையர் இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தன. 'செகண்ட் கமிங்' ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்கள் ஸ்குவையர் தனியாக எழுதியவை. கிட்டார்கள் மேலே மேலே அடுக்கப்பட்டு, லெட் செப்பலின் காலத்துக் கனத்த ப்ளூஸ் ராக்காகிவிட்டன. ரெனியும் மானியும் இன்னும் அற்புதமாகவே வாசிக்கிறார்கள், 'டேபிரேக்' பாடலில் நால்வரும் சேர்ந்து மூச்சுவிடும் சில நிமிடங்கள் இருக்கின்றன. அதை மோசமான ஆல்பம் என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதைக் கேட்கும்போது ஒரே அறையில் நான்கு பேர் இருப்பதாகத் தோன்றுவதில்லை. ஒருவர் வரைந்த படத்துக்கு மற்றவர்கள் வண்ணம் தீட்டியதுபோல் இருக்கிறது.

இங்கேதான் என் முடிவு நிற்கிறது. 1990இல் வழக்கு இல்லாமல் இருந்திருந்தால், 'ஃபூல்ஸ் கோல்ட்' காட்டிய திசையில், மேடை வெப்பம் தணியாமல், ஒரு வருடத்தில் இரண்டாவது ஆல்பம் வந்திருக்கும். அது முதலாவதைவிடச் சிறந்ததாக இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நான்கு பேருடையதாக இருந்திருக்கும். ஒப்பந்தம் பறித்தது இரண்டு வருடத்தை என்றால், அந்த இரண்டு வருடத்தில் தினமும் கூடி வாசிக்கும் பழக்கம் போய்விட்டது. அதைப் போகவிட்டதில் குழுவுக்கும் பங்குண்டு. பதிவு செய்யத்தான் தடை; கூடி வாசிக்க யாரும் தடை போடவில்லை.

'செகண்ட் கமிங்' 4ஆம் இடத்தைப் பிடித்தது. 1995இல் ரெனி விலகினார், 1996 வசந்தத்தில் ஸ்குவையர். அந்த ஆகஸ்டில் ரெடிங் இசை விழாவில் மீதமிருந்தவர்கள் வாசித்த நிகழ்ச்சி மோசமாக அமைந்து, அக்டோபரில் குழு கலைந்தது. 2011 அக்டோபரில் மீண்டும் சேர்வதாக அறிவித்து, 2012 ஜூன் இறுதியில் மான்செஸ்டரின் ஹீட்டன் பார்க்கில் மூன்று நாட்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் வாசித்தார்கள். 2016இல் இரண்டு சிங்கிள்கள் வந்தன. மூன்றாவது ஆல்பம் வரவில்லை.

முதல் ஆல்பத்துக்கோ வயதாகவில்லை. ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து வீரர்கள் களமிறங்கும்போது 'திஸ் இஸ் த ஒன்' ஒலிக்கிறது. 2004இல் அப்சர்வர் இதழ் பிரிட்டிஷ் ஆல்பங்களின் பட்டியலில் இதை முதலிடத்தில் வைத்தது. ஸோம்பாவை 2002இல் பிஎம்ஜி வாங்கியது, பிறகு அது சோனியின் கைக்குப் போனது. இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2009இல் சோனி வெளியிட்ட பதிப்பை மெருகேற்ற லெக்கியும் பிரவுனும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். 1989இல் எட்டாத 5ஆம் இடத்தை ஆல்பம் அந்த ஆண்டு எட்டியது. அவர்கள் எந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட நீதிமன்றம் போனார்களோ, அதன் கீழ் பதிவான ஒலிநாடாக்கள் அப்போதும் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தன.